மறு: மறு: ‘ஊக்கமருந்து’ போதவில்லை, வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கொடிவேரி எழுதியது:
அன்பர்களே, உடற்கல்வி மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டோப்பிங் வரும் இடமெல்லாம் ‘ஊக்கமருந்து’ என்றே போட்டு வந்தேன். பென் ஜான்சன் வரை சிக்கலில்லை. 1988 சியோல் ஒலிம்பிக், 100 மீட்டர் ஓட்டம், 9.79 விநாடி, ஸ்டானசோலால், பதக்கம் பறிப்பு: அங்கே மருந்துதான். அடுத்த பக்கத்தில் பிளட் டோப்பிங். வீரர் தன் ரத்தத்தையே எடுத்துப் பத்திரப்படுத்தி, போட்டிக்கு முன் உடம்பில் திரும்ப ஏற்றிக்கொள்கிறார். இதில் மருந்து எங்கே? அப்புறம் டெக்னாலஜி டோப்பிங். 2009 ரோம் நீச்சல் போட்டியில் வேகம் கூட்டும் பாலியூரித்தேன் உடை போட்டு நீந்தி 43 உலக சாதனைகள். 2010 பிறந்ததும் அந்த உடைக்குத் தடை. ‘தொழில்நுட்ப ஊக்கமருந்து’ என்று எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. மூன்றுக்கும் பொருந்தும் ஓர் அடிச்சொல் தாருங்கள்.

பொருநை எழுதியது:
‘ஊக்கமருந்து’ என்பதே பிழை. ஊக்கமுடைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். அந்தச் சொல்லைக் கொண்டுபோய் ஊசிக்குள் அடைக்கலாமா? டோப் என்பதன் மூலம் டச்சு மொழியில் தொட்டுக்கொள்ளும் குழம்பு. தோய்ப்பது என்ற வினையிலிருந்து வந்தது. நம் ‘தோய்’ அல்லாமல் வேறென்ன? குருதித்தோய்ப்பு, மரபணுத்தோய்ப்பு என்று அழகாக வரும். தயிர் தோய்வதையும் எண்ணிப் பாருங்கள்.

நெல்லியடி எழுதியது:
ஐயா, யாழ்ப்பாணத்தில் தோய்வதென்றால் தலைமுழுகிக் குளிப்பது. உடுப்பும் தோய்ப்போம். குருதித்தோய்ப்பு என்றால் இங்கே ரத்தக்கறை பட்ட சட்டையைத் துவைத்ததாகத்தான் எடுப்பார்கள். டச்சுச் சொல்லுக்கு ஜெர்மானியக் கிளையிலேயே உறவுகள் இருக்கின்றன, நம் வீட்டுக்கு இழுக்க வேண்டாம்.

வைகை எழுதியது:
நாளிதழ் முழுக்க ஊக்கமருந்து. வாடா அமைப்பையே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை என்றுதான் எழுதுகிறார்கள். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் ‘கள்ளத்திறன்’. கள்ளநோட்டு, கள்ளக்கணக்கு மாதிரி பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

கொடிவேரி எழுதியது:
புரியும் சார், ஆனால் பாடத்தின் தலைப்பே ‘இது ஏன் தவறு?’ என்பது. சொல்லிலேயே தீர்ப்பெழுதிவிட்டால் மாணவன் எதை விவாதிப்பான்? பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மான்டிரான்டா 1964 இன்ஸ்புரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். பிறவியிலேயே அவர் குடும்பத்தில் ஒரு மரபணு மாற்றம்; ஆக்சிஜனைச் சுமக்கும் ரத்தச் சிவப்பணு மற்றவர்களைவிட மிக அதிகம். அந்த அளவை இன்னொருவர் சிவப்பணுவைப் பெருக்கும் இ.பி.ஓ. ஊசியால் எட்டினால் குற்றம். ஆக்சிஜன் குறைந்த கூடாரத்தில் தூங்கி ஏற்றிக்கொண்டால் குற்றமில்லை. திறனைக் கூட்டுவது, உடல்நலத்துக்குக் கேடு, விளையாட்டின் உணர்வுக்கு முரண்: இந்த மூன்றில் இரண்டு இருந்தால் தடைப்பட்டியலில் சேர்க்கலாம் என்கிறது வாடா. மூன்றாவதை யார், எதை வைத்து அளப்பது? ‘கள்ள’ என்றதும் இந்தக் கேள்வியே படுத்துவிடும்.

வைகை எழுதியது:
போன வருஷம் ஒரு பையன் ஜிம்மில் வாங்கிய பவுடர் டப்பாவை என்னிடம் நீட்டி, “சார், இதைச் சாப்பிடலாமா?” என்றான். உள்ளடக்கம் அச்சிட்டிருந்த இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டியிருந்தது. அதைத் தின்றுவிட்டு மாட்டியிருந்தால் தெரியாமல் தின்றேன் என்று தப்ப முடியாது, விதி அப்படி. அவனைக் கள்ளன் என்று சொல்ல எனக்கும் வாய் வராது. சரி, ‘கள்ள’ வேண்டாம். ‘முறுக்கேற்றம்’?

பொருநை எழுதியது:
தீபாவளிப் பலகாரம்.

கொடிவேரி எழுதியது:
‘ஏற்றம்’ மட்டும் போதுமா? மருந்தேற்றம், குருதியேற்றம், கருவியேற்றம்.

நெல்லியடி எழுதியது:
குருதியேற்றம் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு நடப்பது. ‘திறன்’ சேருங்கள்: குருதிவழித் திறனேற்றம். ஆனால் விடியற்காலை ஓடிப் பழகுவதும் திறனேற்றம்தானே?

கொடிவேரி எழுதியது:
மணி பதினொன்றரை, நாளை அச்சகம். மருந்துவழி, குருதிவழி, கருவிவழித் திறனேற்றம் என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஊக்கமருந்து. பயிற்சி பற்றிய கேள்வியைப் பாட முடிவில் வினாவாகச் சேர்த்துவிட்டேன், நன்றி அண்ணை. ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று.

பொருநை எழுதியது:
அந்த ஒன்று நான்தான், பதிவாகட்டும். தோசையும் ‘தோய்’ வேர்தான் என்பதைத் தனி இழையில் நிறுவுகிறேன்.