இடியன் றைபிளில் 100 யார் தூரம்: எவ்வளவு குறியை எதிர்பார்க்கலாம்?

கனகராயன்:
1803 இல பண்டாரவன்னியன் ஆங்கிலேயரோட பொருதின கட்சிலைமடுச் சண்டை பற்றின திரியில ஒருவர் "இடியன் எல்லாமே அம்பது யாருக்கு அங்கால ஆளைப் பிடிக்காது" எண்டு எழுதினார். இன்னொருவர் உடன "நல்ல இடியன் றைபிள் 100 யாரில ஒரு அங்குலத்துக்க போடும்" எண்டார். ரெண்டும் பிழை எண்டுறதுதான் என்ர கட்சி. (இடியன் எண்டால் குழல்வாயால மருந்தும் உருண்டையும் இடிச்சு நிரப்புற துவக்கு. றைபிள் எண்டால் குழலுக்குள்ள சுழல் வரியா புரி வெட்டினது. ஒரு யார் மூண்டு அடி.) திறந்த குறிமுனை, சீலை சுத்தின ஈய உருண்டை, கறுப்பு வெடிமருந்து, மேசையில ஊன்றிச் சுடுறது. இதுக்கு 50 யாரில பத்து வெடி 2 அங்குலத்துக்க, 100 யாரில 4 இலிருந்து 5 அங்குலத்துக்க வந்தால் அது நல்ல றைபிள். நிண்டு சுட்டால் மூண்டு மடங்கு எண்டு வையுங்கோ.

முறிகண்டியான்:
அண்ணை, 4 அங்குலமும் ஆசைக்கணக்குத்தான். தோட்டக் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோட எங்கட பக்கம் இருக்கிற இடியன்களை எடுங்கோ. 40 யாரில ஒரு சுளகுக்க தனி உருண்டை விழுந்தாலே புண்ணியம்.

கனகராயன்:
தம்பி, அது வேற சாமான். அந்தக் குழலுக்குள்ள புரி வெட்டியிருக்காது, சன்னம் (சின்னச் சின்ன ஈயக் குண்டுகள்) போடச் செய்தது. தனி உருண்டை போட்டால் தளர்வா அங்கயும் இஞ்சயும் முட்டிக்கொண்டு வந்து, கடைசியா எந்தப் பக்கம் முட்டிச்சுதோ அதுக்கு எதிர்ப்பக்கம் போகும். ஆங்கிலேயரின்ர பழைய படைத் துவக்கு பிரவுண் பெஸ்ஸுக்கும் இதே வருத்தம்தான். குழல் 0.75 அங்குலம், உருண்டை ஏறக்குறைய 0.69. கெதியா இடிச்சு நிரப்ப வேணுமெண்டு தெரிஞ்சே விட்ட இடைவெளி அது. றைபிளில அந்த இடைவெளியைச் சீலை அடைக்குது, புரியைப் பிடிச்சு உருண்டையைச் சுழற்றியும் விடுது. புரியில்லாத குழலை வைச்சு றைபிளுக்குத் தீர்ப்புச் சொல்லாதேங்கோ.

வவுனிக்குளம்:
அப்ப றைபிளுக்கே வருவம். 1860 யூலையில விம்பிள்டன் போட்டியைத் தொடக்கி வைக்க விக்ரோறியா மகாராணி ஒரு வித்வேர்த் றைபிளைச் சுட்டவ. 400 யாரில உண்டை மையத்திலயிருந்து ஒண்டரை அங்குலத்துக்க விழுந்தது. அதுவும் குழல்வாயால இடிக்கிற றைபிள்தானே? 100 யாரில 4 அங்குலம் எண்டுறது சோம்பேறிக் கணக்கு.

நெடுங்கேணி:
அந்தச் சம்பவம் உண்மை, ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு சரியில்லை. றைபிள் இரும்புத் தாங்கியில் பூட்டியிருந்தது. குறி முதலே வைத்தாயிற்று, மகாராணி இழுத்தது பட்டுக்கயிற்றை மட்டும். அதுவும் ஒரேயொரு வெடி. ஒரு வெடியிலிருந்து சிதறலை அளக்க முடியாது. அதோடு வித்வேர்த்தின் குழல் அறுகோணம், 0.451 அங்குலம், புரி 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. போவது நீளமான உண்டை. இங்கே பேசுவது 48, 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள, சீலை உருண்டை போடும் றைபிள். உருண்டை காற்றில் வேகத்தை மிக விரைவாக இழக்கும். விநாடிக்கு 1,800 அடியில் புறப்படும் 0.490 அங்குல உருண்டை 100 யாரில் ஏறக்குறைய 1,000 அடிக்கு இறங்கிவிடும்.

வவுனிக்குளம்:
இணையத்தில 100 யாரில வெடியெல்லாம் ஒண்டரை அங்குலத்துக்க விழுந்த இலக்குத்தாள் குழுப்படம் எத்தினை கிடக்குது? எல்லாரும் பொய்யோ?

நெடுங்கேணி:
பொய்யில்லை, மூன்று வெடிப் படங்கள். அதே றைபிள், அதே ஆள், அதே நாள் என்றாலும் பத்து வெடியின் பரப்பு சராசரியாக மூன்று வெடியின் பரப்பைவிட 1.6 மடங்கு வரும். வேறொன்றும் மாறத் தேவையில்லை, எண்ணிக்கை கூடினாலே சிதறல் கூடும். ஐந்து தடவை மூன்று மூன்றாகச் சுட்டு அதில் வடிவானதைப் படம் பிடித்தால் வித்தியாசம் இன்னும் பெருக்கும். ஒண்டரை அங்குலம் தெரிந்தெடுத்த படமென்றால் உண்மையான பத்து வெடி 3 அங்குலத்துக்கு மேல்.

வவுனிக்குளம்:
சரி, எம்.எல்.ஏ.ஐ.சி (இடியன் சூட்டுக்கான சர்வதேச அமைப்பு) உலகப் போட்டிக்காரர் நிண்டு சுடுறவை. 50 மீற்றர், பத்தாம் வளையம் 50 மிமீ. வெல்லுறவர் தொண்ணூறுக்கு மேல எடுக்கிறார். அதுக்கென்ன பதில்?

கனகராயன்:
அரை மணித்தியாலத்தில 13 வெடி, அதில நல்ல பத்தைத்தான் கூட்டுவினம். கெட்ட மூண்டும் கணக்கில இல்லை. ஒன்பதாம் வளையம் 100 மிமீ. ஆக, உலகத்திலயே நல்லாச் சுடுறவை, கழிச்சுப் பார்த்த பத்து வெடியை 50 மீற்றரில 4 அங்குலத்துக்க வைக்கினம். நான் சாதாரண ஆளுக்கு 50 யாரில நிண்டு 6 அங்குலம் எண்டது கஞ்சத்தனமோ?

முறிகண்டியான்:
நான் இன்னும் என்ர பக்கம்தான். சோழகம் வீசுற மாதத்தில வெளிக்கு வாங்கோ. மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காத்து உருண்டையை 100 யாரில ஓரடி அளவுக்குத் தள்ளும். 50 யாரில ரெண்டு மூண்டு அங்குலம். காத்து நிண்டு நிண்டு அடிச்சால் உங்கட 4 அங்குலம் எங்க? கண்ணையும் சேருங்கோ. 2 மிமீ அகலமான முன்குறி கண்ணிலயிருந்து ஒரு மீற்றரில நிண்டால் 100 மீற்றரில 20 சென்ரிமீற்றரை மறைக்கும். மறைஞ்சதுக்க நடுவைத் தேடுறது ஊகம்.

கனகராயன்:
காத்துக்கு ஒத்துக்கொள்ளுறன், அதாலதான் விடியக்காலமை சுட வேணும். குறிக்குப் பதில் இருக்கு: கறுப்பு வட்டத்தின்ர நடுவை முன்குறியால மூடாதேங்கோ, வட்டத்தின்ர அடியில முன்குறியின்ர மேல்விளிம்பைத் தொடாமல் தொட்ட மாதிரி வையுங்கோ. விளிம்பைக் கண் நல்லாப் பிடிக்கும். குறிகளுக்கு இடையில 750 மிமீ இருந்தால், கால் மில்லிமீற்றர் பிசகுக்கு 100 மீற்றரில 33 மிமீ விலகும். அவ்வளவுதான்.

நெடுங்கேணி:
ஆள் பிழையையும் காற்றையும் விடுங்கள், பாதிச் சிதறல் நிரப்புவதில்தான் வருகிறது. 0.50 குழலுக்கு 0.490 உருண்டை, 0.015 தடிப்புச் சீலை. இரண்டு பக்கமும் சேர 0.520. புரி 0.010 ஆழமென்றால் அதன் அடிவரை சீலை நிரப்பும். சுத்தப் பருத்தி மட்டும். நைலோன் கலந்தால் உருகி ஒட்டும். உருண்டை சுத்த ஈயம், 177 கிறெயின் (ஒரு கிறாம் ஏறக்குறைய 15 கிறெயின்) அளவில் நிற்க வேணும். ஒன்றிரண்டு கிறெயின் குறைந்ததை ஒதுக்குங்கள், உள்ளே காற்றுக்குமிழ் இருக்கும். வார்ப்புத் தழும்பு நேர் மேலே பார்க்க வேணும்.

மருந்து, றைபிள் செய்தவர் தந்த எல்லைக்குள் 50 கிறெயினில் தொடங்கி ஐந்து ஐந்தாக. கறுப்பு மருந்து மட்டும், தோட்டாவிலிருந்து எடுத்த புகையில்லா மருந்து போட்டால் குழல் வெடிக்கும். இடிகோலில் ஒரு கோடு போட்டு வையுங்கள். உருண்டை மருந்தில் இருந்தால் கோடு குழல்வாயில் நிற்கும். இடைவெளி விட்டால் குழல் புடைக்கும், பிளக்கவும் கூடும். ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம். குத்தி உருண்டையைச் சப்பளியாக்க வேண்டாம். குழுக்கள் மேலும் கீழுமாக நீளும்போது பலர் குறியைத் திருத்துவார்கள். பெரும்பாலும் காரணம் இந்த அழுத்தம்தான்.

பிறகு சுட்ட சீலையைப் பொறுக்கிப் பாருங்கள், பத்துப் பதினைந்து யாரில் கிடக்கும். நடுவில் கரியும் ஓரத்தில் பிசிறும் இருந்தால் நல்லது. நடு எரிந்து ஓட்டையென்றால் எண்ணெய் போதாது அல்லது பிடிப்புத் தளர்வு. புரி வாரியாகக் கீறல் என்றால் வாயின் விளிம்பு கூர், அல்லது இறுக்கம் கூட.

வவுனிக்குளம்:
நல்லது. ஒவ்வொரு வெடிக்கும் துடைக்கிறீங்களோ? எச்சில் தொட்ட சீலையெண்டால் பத்து வெடி துடைக்காமல் போகலாம் எண்டுவினம்.

நெடுங்கேணி:
ஈரப்பதமான ஊரில் போகலாம். வன்னியில் யூலை, ஓகஸ்ட் வெயிலுக்குக் கரி ஓடு மாதிரி இறுகும். நாலாவது உருண்டை பாதி வழியில் சிக்கும், அல்லது மருந்து வரை இறங்காமல் நிற்கும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஒரு ஈரச்சீலை, ஒரு காய்ந்த சீலை. ஈரம் சொட்டக் கூடாது. மருந்தறைக்குத் தண்ணி போனால் அடுத்த வெடி தாமதிக்கும்.

முறிகண்டியான்:
எனக்கு இது கூடின வேலை. மூண்டு வெடிக்கு ஒருக்கா துடைச்சாலே காணும்.

நெடுங்கேணி:
மூன்றாவது வெடி எப்போதும் முதலாவதிலிருந்து விலகி விழுந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். இன்னொன்று: சுட்ட அன்றே வெந்நீர், சவர்க்காரம், காயவிட்டு எண்ணெய். அடுத்த நாளுக்கு விட்டால் கறள் புரியைத் தின்னும், பிறகு சீலைகள் கீறும்.

வவுனிக்குளம்:
சரி, 100 யாரில பத்து வெடி, ஊன்றிச் சுட்டு 3 அங்குலம். அதுக்கு மேல நான் விட்டுக்குடுக்கமாட்டன்.

கனகராயன்:
கேப் (தட்டினால் வெடிக்கிற சின்ன மூடி) வைக்கிற பூட்டு, காத்தில்லாத காலமை, உங்கட கண்ணுக்குச் சரியான முன்குறி எண்டால் 3 அங்குலத்துக்கு வாதாடமாட்டன். சக்கிமுக்கிப் பூட்டெண்டால் 5 எண்டு எழுதி வையுங்கோ. பொறி, தட்டில நெருப்பு, துவாரம், பிறகுதான் மருந்து. அந்த நேரமெல்லாம் குறியை அசையாமல் பிடிக்க வேணும். தட்டில மூண்டிலிருந்து ஐஞ்சு கிறெயின் நுண்மருந்து காணும். துவாரத்தை மூடி நிரப்பினால் திரி மாதிரி எரிஞ்சு தாமதிக்கும். வெடிக்காமல் விட்டால் ஒரு நிமிசம் இலக்கைப் பார்த்தபடியே பிடியுங்கோ, குழலுக்க எட்டிப் பார்க்கக் கூடாது.