புதுப்பிப்பு: பாறை நிலக்காட்சியைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்

போன மாதம், தட்டில் கல்லும் மரக்கன்றுகளும் வைத்து அமைத்த என் குட்டி மலைக்காட்சியின் படம் போட்டு, "மலை மாதிரியே இல்லை, கல்லைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது, என்ன தப்பு?" என்று கேட்டிருந்தேன். கல்லின் வரிகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஓடுகின்றன என்று ஒருவர் சொன்னார். அதேதான்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வரிகள் ஒரே சாய்வில் வரும்படி ஐந்து கற்களை வைத்தேன். பெரிய கல்லை நடுவிலிருந்து நகர்த்தி, மூன்றில் ஒரு பங்கை மண்ணுக்குள் புதைத்தேன். இப்போது தரையிலிருந்தே எழுந்து நிற்பதுபோல் இருக்கிறது. முன்னால் தண்டு தடித்த ஃபைகஸ் (ஆல், அத்தி இன மரம்), பின்னால் மெல்லிய கன்றுகள். இரண்டங்குல இடைவெளி தூரத்துச் சரிவாகிவிட்டது!

வயதான மரம் வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் தோஷியோ கவாமோட்டோ, தட்டில் மரமும் கல்லும் வைத்து நிலக்காட்சி அமைக்கும் இந்த 'சைகெய்' முறையை உருவாக்கியதே இளங்கன்றுகளை வைத்துத்தான்.

உச்சிப் பிளவில் நட்ட கன்று மட்டும் வாடியது. அங்கே மண் விரற்கடை ஆழம்தான், சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. பீட் எனும் மட்கிய தாவர மண்ணும் களிமண்ணும் பிசைந்து அப்பி, வேரை நூலால் கட்டி, பாசி போர்த்தினேன். இன்று காலை குண்டூசித் தலை அளவில் ஒரு துளிர். தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.