வேபரின் அரசு வரையறை: 'சட்டபூர்வமான வன்முறை' சரியான சொல்லா?

அனைவருக்கும் வணக்கம்.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1919இல் மியூனிக்கில் ஆற்றிய உரையில் அரசுக்குக் கொடுத்த வரையறை நம் மொழிபெயர்ப்புக் கலைச்சொல் பட்டியலில் 'சட்டபூர்வமான வன்முறைமீதான ஏகபோகம்' என்று இருக்கிறது. 'சட்டபூர்வமான' என்பதை எடுத்துவிடலாம் என்கிறேன். ஆட்சியை முறையானதாகக் கருதி மக்கள் ஏன் பணிகிறார்கள் என்பதற்கு அதே உரையில் அவர் மூன்று அடிப்படைகளைச் சொல்கிறார்: காலங்காலமான வழக்கம், தலைவரின் தனிப்பட்ட ஈர்ப்பு, சட்டம். மூன்றில் ஒன்றை மொத்தத்துக்கும் பெயராக வைத்திருக்கிறோம். போதாததற்கு, சட்டத்தைப் போடுவதே அரசுதான். தான் போட்ட சட்டப்படி தான் அடிப்பது சட்டபூர்வம் என்றால் அந்த அடைமொழி எதையும் சொல்லவில்லை.

'ஏற்புடை வன்முறை' எப்படி?

மறுமொழி:

ஐயா, 'சட்டபூர்வமான' என்பதை எடுத்துவிடுவது சரி. ஆனால் 'ஏற்புடை' என்றால் 'ஏற்கத்தக்க' என்றுதான் படிப்பார்கள். வேபர் அரசுக்கு நற்சான்று தரவில்லை. மக்கள் அதை முறையானதாகக் கருதுகிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

'வன்முறை'யும் உறுத்துகிறது. அவர் ஆண்ட 'கெவால்ட்சாம்கைட்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு வேரான 'கெவால்ட்' என்ற சொல்லில் ஆட்சியதிகாரமும் அடிதடியும் சேர்ந்தே கிடக்கின்றன. தமிழில் வன்முறை என்றாலே குற்றம். வேந்தன் கொடியவரைத் தண்டிப்பதைக் குறள் 'ஒறுத்தல்' என்கிறது. 'ஒறுப்பு' என்று வைத்தால் என்ன?

மறுமொழி:

அம்மா, ஒறுப்பு அழகான சொல்தான், ஆனால் இங்கே பொருந்தாது. தவறு செய்தவரைத்தான் ஒறுக்க முடியும். கூட்டத்தைக் கலைப்பதும் எல்லையில் போரிடுவதும் தண்டனை ஆகுமா? ஜெர்மன் மெய்யியலாளர் வால்டர் பெஞ்சமின் 1921இல் சட்டத்தை உண்டாக்கும் வன்முறை, சட்டத்தைக் காக்கும் வன்முறை என்று இரண்டாகப் பிரித்தார், அதே 'கெவால்ட்' என்ற சொல்லை வைத்துத்தான். காப்பதை ஒறுப்பு என்று ஒப்பேற்றிவிடலாம். உண்டாக்குவதை? புரட்சியோ படையெடுப்போ புதிய ஆட்சியை நிறுவும்போது, மீறுவதற்கு அந்தச் சட்டமே இன்னும் பிறக்கவில்லை. இரண்டு நூல்களுக்கும் ஒரே சொல் வேண்டும் என்றால் வன்முறைதான் நிற்கும். அது உறுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொள்ளையனும் காவலரும் கையாளும் கருவி ஒன்றே, உரிமைகோரல்தான் வேறு என்பதே வேபரின் வாதம். சொல்லை மென்மையாக்கினால் அது மறைந்துவிடும்.

'ஏற்புடை' பற்றி நீங்கள் சொன்னது நியாயம். 'ஏற்புப்பெற்ற' என்று மாற்றினால், யாரோ ஏற்றுக்கொண்டார்கள் என்ற செய்தி மட்டும் நிற்கும். தகுதி பற்றிய பேச்சு போய்விடும். ஏகபோகத்துக்குப் பொருளியலில் 'முற்றுரிமை' புழக்கத்தில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, 'ஏற்புப்பெற்ற வன்முறையின் முற்றுரிமை'. வரையறையில் 'குறிப்பிட்ட நிலப்பரப்புக்குள்', 'வெற்றிகரமாக உரிமை கோருகிற' இரண்டும் விடுபட்டிருக்கின்றன, அவற்றையும் சேர்க்க வேண்டும். மாற்றுக் கருத்து இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாமா?