அல்புஹார்ரா மலைச்சரிவில் உண்டதும் பருகியதும்

ஸ்பெயினின் தெற்கே, சியரா நெவாடா மலைத்தொடரின் கடலை நோக்கிய சரிவில் இருக்கும் அல்புஹார்ரா கிராமங்களுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் ட்ரெவேலெஸ் ஊரின் பன்றித் தொடை இறைச்சியைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்கள். அது புகழுக்கு உரியதுதான் என்றாலும், அந்த மலையின் குளிரும் ஈரமும் அங்குள்ள ஒவ்வோர் உணவிலும் எப்படிக் கலந்திருக்கின்றன என்பதே என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

ட்ரெவேலெஸ் ஏறத்தாழ 1,470 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறைச்சியைப் பதப்படுத்தும் கூடம் ஒன்றைச் சுற்றிப்பார்க்க எங்களை அனுமதித்தார்கள். குளம்போடு கூடிய பின்னந்தொடையைக் கடல் உப்பில் புதைத்து வைக்கிறார்கள். எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்பது கணக்கு. பிறகு கழுவி, உயரமான அறைகளில் தொங்கவிடுகிறார்கள். அதன் பின் வேலை செய்வது காற்றுதான். வெளியே இருக்கும் குளிரையும் ஈரத்தையும் பார்த்துச் சன்னல்களைத் திறப்பதும் மூடுவதுமாக ஓராண்டுக்கும் மேல் காக்கிறார்கள்; கோடை வெப்பத்தில் கொழுப்பு இளகி இறைச்சிக்குள் ஊறுகிறது. உப்பு குறைவாகவும் இனிப்பின் சாயலோடும் இருந்த அந்த மெல்லிய துண்டுகளை உண்டபோது, இவ்வளவு பொறுமைக்கு இது தகும் என்று தோன்றியது. 1862-இல் அரசி இரண்டாம் இசபெல் தம் முத்திரையைப் பயன்படுத்த இவ்வூர் இறைச்சிக்கு அனுமதி அளித்ததை இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

இதே மலையில் நூற்றாண்டுக் கணக்கில் பன்றி இறைச்சியைத் தொடாத மக்கள் வாழ்ந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 1568-இல் கிளர்ந்தெழுந்த மொரிஸ்கோக்கள், அதாவது கிறித்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்கள், தோற்கடிக்கப்பட்டு இங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். வடக்கிலிருந்து வந்தவர்கள் அவர்களுடைய வீடுகளில் குடியேற்றப்பட்டனர். ஆனால் பனி உருகிவரும் நீரைப் படிக்கட்டு வயல்களுக்குக் கொண்டுசெல்லும் பழைய வாய்க்கால்கள் இன்றும் ஓடுகின்றன. பாதாம், அத்தி, செஸ்ட்நட் மரங்களும் காய்கறித் தோட்டங்களும் நிறைந்த அந்தச் சரிவில் நடக்கும்போது, உணவின் வேர் எங்கே இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பொக்கேய்ரா பள்ளத்தாக்கின் கபிலெய்ராவில் நாங்கள் தங்கியிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கார அம்மையார், மழை நாளில் மிகாஸ் செய்வதே இங்கு வழக்கம் என்று சொல்லி அடுப்பை மூட்டினார். ஆலிவ் எண்ணெயில் தோலோடு பூண்டை வதக்கி, நீரும் உப்பும் சேர்த்து, ரவையைக் கொட்டி, உதிரி உதிரியாக வரும்வரை கை ஓயாமல் கிளறினார். நம் உப்புமாவைப் போலத் தொடங்கினாலும், அதைவிட நெடுநேரம் கிளறப்பட்டுப் பொன்னிற மணிகளாக முடிகிறது. கூடவே பொரித்த மிளகாய், மத்தி மீன், ஆலிவ், திராட்சைப் பழம் ஆகியவற்றை வைத்தார். வெந்த மாவோடு குளிர்ந்த திராட்சை சேரும் சுவையை நான் எதிர்பார்க்கவே இல்லை.

உணவகங்களில் தரும் அல்புஹார்ரா தட்டு, வயலில் உழைத்தவருக்கான அளவு. வெங்காயமும் பச்சைக் குடைமிளகாயும் சேர்த்து எண்ணெயில் மெல்ல வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் பொரித்த முட்டை, இரத்தத் தொத்திறைச்சி, மற்றொரு வகைத் தொத்திறைச்சி, தொடை இறைச்சி என அடுக்கிவிடுகிறார்கள். இருவர் பகிர்ந்துகொள்வது நல்லது. சைவர்கள் அந்த உருளைக்கிழங்கை மட்டும் தனியாகக் கேட்கலாம். பெருஞ்சீரகக் கீரைக் குழம்பு பார்வைக்குச் சைவம்போல இருக்கும். அதில் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்கிறது என்பதால், கேட்டுவிட்டு உண்ணுங்கள். இனிப்புக்கு, அத்திப்பழத்தையும் பாதாமையும் சேர்த்து அழுத்திய அத்தி ரொட்டி உண்டு.

குடிப்பதற்கு, எதிரே கடற்பக்கம் உள்ள கொன்ட்ராவியேசா மலையின் திராட்சை மது வருகிறது. அங்குள்ள சில தோட்டங்கள் 1,300 மீட்டருக்கும் மேல் இருக்கின்றன. உள்ளூரில் 'கோஸ்தா' என்று அழைக்கப்படும் அது செம்பொன் நிறத்தில், எளிமையாக, ஆனால் கடுமையாக இருக்கும். இறைச்சியின் கொழுப்போடு மட்டுமே அதன் அருமை புரியும் என்பது என் கருத்து. கிரனாடா மாகாண வழக்கப்படி ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு சிறு தின்பண்டம் இலவசமாக வருவதால், இரண்டு கோப்பைக்குப் பின் தனியாக உணவு கேட்கத் தேவையே இருக்காது.