மழை நின்ற பிறகும் விடாத கொசு: உங்கள் அனுபவம்

வறண்ட தொட்டி:
டெங்கு மழைக்கால நோய் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். என் மகள் படுத்தது கடும் கோடையில். மாதக்கணக்கில் மழையே இல்லை. தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பயந்து வீடெங்கும் டிரம்களில் பிடித்து வைத்திருந்தோம். அவள் மருத்துவமனையில் இருந்தபோதுதான் பின்கட்டில் காய்ந்து கிடந்த டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். பழைய நீர்மட்டக் கறைக்குச் சற்று மேலே மிளகுத்தூள் ஒட்டியதுபோல் கரும்புள்ளிகள். சந்தேகம் தீர, அவை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலை மயிரிழைப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. நினைத்தால் இன்னும் உடல் கூசுகிறது.

மழைக்கணக்கு:
கோடையிலும் வரும், உண்மை. அதற்காக மழையை விட்டுவிட முடியுமா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்; நீங்கள் பார்த்தது அதுதான். மழை அவற்றை மொத்தமாக எழுப்பிவிடுகிறது. கொட்டித் தீர்க்கும் மழை புழுக்களை அடித்துச் சென்றுவிடும். விட்டுவிட்டுப் பெய்வதுதான் கொடியது. வெப்ப நாட்களில் முட்டை கொசுவாவதற்கு 7 முதல் 10 நாள். அது நோயாளியைக் கடித்த பின், அடுத்தவருக்குப் பரப்பும் நிலையை அடைய இன்னும் 8 முதல் 12 நாள். எங்கள் தெருவில் மழையை எல்லோரும் மறந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு காய்ச்சல். எங்கள் வீட்டில் புழு இருந்தது பிரிட்ஜின் பின்புறத் தட்டில். டார்ச் அடித்ததும் அத்தனையும் ஒன்றாக அடிக்குப் பாய்ந்தன.

இரவுக்காவல்:
இருவரும் டெங்குவையே பேசுகிறீர்கள். எனக்கு வந்தது மலேரியா. ஒருநாள் விட்டு ஒருநாள், எத்தனை போர்வை போர்த்தினாலும் பல் கிட்டும் குளிர். முதலில் பார்த்த மருத்துவர், பருவக் காய்ச்சல் என்று ரத்தம்கூட எடுக்காமல் அனுப்பிவிட்டார்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். புகைமருந்தை நம்பி இருக்காதீர்கள். அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை டிரம்மின் உட்சுவரிலேயே இருக்கும். வாரம் ஒருமுறை உட்புறத்தை அழுத்தித் தேயுங்கள். பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள்; மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு இரவில் கடிக்கும், ஏடிஸ் பகலில் கடிக்கும். டெங்குவில் காய்ச்சல் இறங்கியதும் நிம்மதி அடையாதீர்கள். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வைவாக்ஸ் என்ற வகை மலேரியா வந்தவர்கள் மருத்துவர் எழுதிய மாத்திரைகளைப் பாதியில் நிறுத்தவே கூடாது. கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து, கொசுவே இல்லாத பருவத்திலும் காய்ச்சலாகத் திரும்பும். அப்படித் திரும்பினால், எந்த மாதமானாலும், ரத்தப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள்.