பழைய லயனல் பொம்மை ரயில் எஞ்சின்: விசில் நிற்கவே மாட்டேன் என்கிறது, ரிவர்ஸும் வரவில்லை

கரிப்புகை:
நியூஜெர்சியில் ஒரு காரேஜ் சேலில் 1950களின் லயனல் ஓ கேஜ் (ஒரு பொம்மை ரயில் அளவு) நீராவி எஞ்சின் மாதிரியும், அதன் பின்னால் வரும் கரிப்பெட்டியான டெண்டரும், மூன்று தண்டவாளப் பாதையும் வாங்கினேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. பையனுடைய எச்ஓ (இதைவிடச் சின்ன அளவு) ரயில் செட் கன்ட்ரோலரிலிருந்து நடுத் தண்டவாளத்துக்கு ஒரு ஒயர், ஓரத்துக்கு ஒரு ஒயர் கொடுத்தேன். மெதுவாக ஓடுகிறது. ஆனால் கரண்ட் கொடுத்ததுமே டெண்டரில் விசில் ஊளையிட ஆரம்பிக்கிறது, ஓய்வதே இல்லை. திசை சுவிட்சை எப்படித் தள்ளினாலும் முன்னால்தான் போகிறது. இரண்டு சுற்றுக்குள் கன்ட்ரோலர் தொட முடியாத சூடு. மோட்டார் போச்சா?

நடுத்தண்டவாளம்:
மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது சார். முதலில் அந்தக் கன்ட்ரோலரைக் கழற்றுங்கள், பாவம். அது டிசி, இந்த எஞ்சின் இழுக்கும் ஆம்பியருக்குத் தாங்காது.

இது ஏசியில் ஓட வேண்டிய எஞ்சின். மோட்டார் இரண்டிலும் சுற்றும், அதில்தான் ஏமாந்துவிட்டீர்கள். டெண்டருக்குள் ஒரு ரிலே, அதாவது காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், உண்டு. ஏசிக்கு அசையாது, டிசி வந்தால் ஒட்டிக்கொண்டு விசிலை ஓட்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மரில் விசில் லிவரை அழுத்தினால் ஏசியோடு கொஞ்சம் டிசி கலந்து போகும். நீங்கள் முழுக்க டிசியையே ஊற்றினால் அது ஊதாமல் என்ன செய்யும்!

ரிவர்ஸ் விஷயம்: துருவத்தை மாற்றினால் மோட்டாரின் ஃபீல்டிலும் (நிலையான காயில்) ஆர்மேச்சரிலும் (சுற்றும் காயில்) கரண்ட் சேர்ந்தே திரும்பும், அதனால் சுற்றும் திசை மாறாது. திசை மாற்றுவது உள்ளே இருக்கும் ஈ-யூனிட். ஒவ்வொரு முறை கரண்டை நிறுத்திக் கொடுக்கும்போதும் முன், நியூட்ரல், பின், நியூட்ரல் என்று நகரும். பாய்லர் மேல் சின்ன லிவர் தெரிகிறதா? அதைத் தள்ளி வைத்திருந்தால் இருக்கும் நிலையிலேயே பூட்டிக்கொள்ளும்.

கரிப்புகை:
லிவர் இருக்கிறது! நண்பரிடம் 90 வாட் ஏசி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்தேன். விசில் அமைதி. ஆனால் லிவரை மறுபக்கம் தள்ளி, கரண்டை ஒருமுறை நிறுத்திக் கொடுத்தால் 'ர்ர்ர்' என்று உறுமிக்கொண்டு நிற்கிறது.

நடுத்தண்டவாளம்:
உறுமல் ஈ-யூனிட் காயில், ஏசியில் அப்படித்தான். நியூட்ரலில் நிற்கிறது. இன்னொரு தடவை நிறுத்திக் கொடுங்கள். அப்போதும் நகராவிட்டால் ஈ-யூனிட்டுக்குள் திரும்பி இணைப்பை மாற்றும் டிரம்மில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் போதும், எண்ணெய் விடாதீர்கள்.

ஓரப்பெட்டி:
நடுவில் ஒன்று. தண்டவாளத்தை ஸ்டீல் உல் (இரும்பு நார்) வைத்துத் தேய்க்காதீர்கள். 1950களின் பல எஞ்சின்களில் பிடிமானத்துக்குக் காந்தம் உண்டு, இரும்புத் தூள் அப்படியே ஏறிக்கொள்ளும். அப்புறம் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் பிளக் ஒயரை வளைத்துப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றாமல் சொருக வேண்டாம்.

கரிப்புகை:
பின்னால் போகிறது! போன வேகத்தில் டெண்டர் வளைவில் கவிழ்ந்தது என் தப்பு. ஒயர் வெடித்துத்தான் இருக்கிறது, நாளைக்கு மாற்றுகிறேன். நன்றி.