நேதர்ஹாட்டில் எடுத்த 31 மணி நேர ரஷ்: ஹார்டு டிஸ்கை ஊரிடமே கொடுத்துவிடலாமா?

கரிசல்கேமரா:

வணக்கம். கோவில்பட்டிக்காரன். சோறு போடுவது கல்யாண வீடியோ, மிச்ச நேரத்தில் ஆவணப்படம். போன இரண்டு மார்ச்சிலும் நானும் ஒரு நண்பனும் ஆலப்புழா-தன்பாத் எக்ஸ்பிரஸில் ராஞ்சி போய், அங்கிருந்து பஸ்ஸும் டெம்போவுமாக டுட்டுவாபானி போய்ப் படம்பிடித்து வந்தோம். ஜார்க்கண்டில் நேதர்ஹாட் மலைப்பக்கம், கும்லா மாவட்டமும் லாதேஹாரும் முட்டுகிற இடம்.

கேள்விப்படாதவர்களுக்காக: 1964 முதல் ராணுவம் அங்கே பீரங்கிப் பயிற்சி நடத்தியது. குண்டு போடும் நாட்களில் ஆடு மாடு, பிள்ளை குட்டியோடு ஊரைக் காலி செய்துவிட்டு வெளியே கிடக்க வேண்டும். அதற்குக் கைகொடுத்த சட்டம் வெள்ளைக்காரன் 1938இல் போட்டது. 90களின் தொடக்கத்தில் பிகார் அரசு (ஜார்க்கண்ட் பிறந்ததே 2000இல்தான்) இதை 245 கிராமம், 1,471 சதுர கிலோமீட்டர் என்று விரித்தது. 1994 மார்ச்சில் ராணுவ வண்டிகள் வந்தபோது ஆயிரக்கணக்கில் ஜனம் கூடி, பெண்கள் சாலையில் வண்டிக்கு முன்னால் படுத்துவிட்டார்கள். வண்டி திரும்பிப் போனது. ஆனால் காகிதத்தில் அந்த அறிவிப்பு 2022 மே வரை உயிரோடு இருந்தது. ஆகஸ்டில்தான் மாநில அரசு 'இனி நீட்டிக்க மாட்டோம்' என்றது. இப்போதும் வருஷாவருஷம் மார்ச் 22, 23இல் அங்கே கூட்டம் சேர்கிறது. 'ஜான் தேங்கே, ஜமீன் நஹி தேங்கே' (உயிரைக் கொடுப்போம், நிலத்தைக் கொடுக்க மாட்டோம்) என்று கோஷம் போடும்போது மலையே அதிரும்.

எங்களிடம் இருக்கும் 31 மணி நேர ரஷ்ஷில் (வெட்டாத மூலப் பதிவு) 52 நிமிஷம் சொக்கத் தங்கம். அன்று சாலையில் படுத்த ஒரு பாட்டியின் பேச்சு. அந்த வட்டாரப் பொதுமொழியான சாத்ரியில் ஆரம்பித்து, உணர்ச்சிவசப்பட்டதும் குடுக்குக்கு (ஒராவோன் பழங்குடிகளின் திராவிட மொழி) மாறிவிடுகிறார். 'ஏன்' (நான்), 'நீன்' (நீ) என்று காதில் விழுந்தபோது எனக்குப் புல்லரித்தது. நம்ம மொழிக்கு ஒன்றுவிட்ட அக்காள் அல்லவா! 40 நொடித் துண்டு ஒன்றை சப்டைட்டிலோடு கீழே இணைத்திருக்கிறேன்.

சிக்கல் இதுதான். பேட்டியின் கடைசிப் பத்து நிமிஷத்தில், இப்போது பக்கத்து பாக்சைட் சுரங்க விவகாரத்தில் யார் யார் முன்னால் நிற்கிறார்கள், எங்கே கூடுகிறார்கள் என்று பாட்டி பேர் பேராகச் சொல்கிறார். ஊர்ச் சபை, 'எடுத்தது மொத்தத்தையும் எங்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள், வெளியே போகுமுன் நாங்கள் பார்க்க வேண்டும்' என்கிறது. வெளிநாட்டு விநியோகஸ்தர் ஒருவரோ, பாட்டியை ஹீரோவாக வைத்து 70 நிமிஷம் வெட்டிக் கொடுத்தால் பார்க்கலாம் என்கிறார். ரஷ்ஷைக் கொடுத்தால் படம் நம் கையை விட்டுப் போய்விடும் என்பது நண்பன் கட்சி. நான் நடுவில்.

ஒலிப்பெட்டி:

தம்பி, மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் அந்தக் கிளிப்பை இங்கேயிருந்து எடு.

எடுத்தாச்சா? சரி.

நான் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். திண்டுக்கல்லில் பிறந்து, ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பூம் மைக் பிடித்தே தோள்பட்டை தேய்ந்தவள். 2010இல் வேறொரு மாவட்டத்தில், இரும்பு ஆலைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து நடந்த ராத்திரிக் கூட்டம் ஒன்றைப் பதிவு செய்தோம். ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, சுற்றி அறுபது பேர். இருட்டில் யார் முகமும் தெரியவில்லை என்ற தைரியத்தில் அந்த வைட் ஷாட்டில் இரண்டே இரண்டு விநாடியை டிரெய்லரில் வைத்தோம். முகம் எதற்கு? தோளில் துண்டு போடுகிற தினுசு போதும், உள்ளூர்க்காரன் ஆளைச் சொல்லிவிடுவான். இரண்டு பையன்கள் நாலு மாசம் கேரளத்தில் செங்கல் சுமந்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள். அதில் ஒருவனுடைய அம்மா அடுத்த தடவை எனக்குச் சோறு போட்டாள், ஆனால் பேசவில்லை. அந்தச் சோறு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அதனால் அந்தப் பத்து நிமிஷத்தை அழி. பத்திரமாக எடுத்து வைக்காதே, அழி. வரலாறு, ஆவணக் காப்பகம் என்று மனசு ஆயிரம் சாக்குச் சொல்லும். 2018இல் ராஞ்சிக்குப் பக்கத்துக் குந்தி மாவட்டத்தில் பத்தல்கடி இயக்கம் (ஊர் எல்லையில் கல் நட்டு கிராம சபையின் உரிமையை அறிவிப்பது) நடந்தபோது ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக இருபது பேர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். திருச்சி விரகாலூரில் பிறந்து ராஞ்சியில் வாழ்ந்த ஸ்டேன் சாமி பாதிரியாரும் அதில் ஒருவர். பிறகு வேறொரு வழக்கில் 2020 அக்டோபரில் கைதாகி, 2021 ஜூலையில் விசாரணைக் கைதியாகவே இறந்துபோனார். எழுத்துக்கே இந்த கதி. உன்னிடம் இருப்பது முகம், குரல், பேர், இடம்.

இனி டிஸ்க். தாராளமாகக் கொடு. ஆனால் 31 மணி நேரத்தைத் தூக்கி அப்படியே கொடுத்தால் அது ஒரு செங்கல், வீட்டு மோட்டில் செருகி வைப்பார்கள். பேசினவர் பேசினது தனித்தனியாக வெட்டி, சாதாரண போனில் ஓடுகிற மாதிரி மாற்றி, மெமரி கார்டில் போட்டு அவரவர் கையில் கொடு. முழு டிஸ்க் சபைக்கு ஒன்று, பாஸ்வேர்டோடு. இன்னொன்று ராஞ்சியில் அவர்கள் சொல்கிற ஆளிடம்.

ஒரு ஹீரோ கேட்கிறாராமே அந்த விநியோகஸ்தர். உன் தொழிலிலேயே சொல்கிறேன். பந்தியையும் பங்காளிகளையும் விட்டுவிட்டு மாப்பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நின்றால் பெண் வீட்டார் பாக்கிப் பணம் தருவார்களா? 245 ஊர் சேர்ந்து மறித்த சாலை அது.

கொஞ்சம் கசப்பாகவும் ஒன்று. அங்கே கேமரா நீ கொண்டுபோய் அறிமுகப்படுத்தின சாமான் இல்லை. மேக்நாத்தும் பிஜு டோப்போவும் 'அக்ரா' என்ற குழுவை வைத்து ராஞ்சியிலிருந்து 90களிலேயே படமெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிஜு டோப்போ ஒராவோன், குடுக் அவர் வீட்டு மொழி. நீ வெட்டினதை அங்கே இருப்பவர்கள் யாரிடமாவது காட்டி அபிப்பிராயம் கேட்டாயா?

நாலாம்சுவர்:

மேலே அக்கா சொன்னது பாதி சரி. ஆனால் சபை பார்த்து ஓகே சொன்னால்தான் வெளியே போகும் என்றால் இயக்குநர் எதற்கு? நாளைக்குச் சபைக்குள்ளேயே இரண்டு கோஷ்டி இருந்தால் யார் சொல்வதைக் கேட்பது? ஆதரவுப் படம் என்றாலும் படம் படமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நோட்டீஸ்.

ஒலிப்பெட்டி:

கோஷ்டி கேள்வி நியாயம், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. இருக்கிற இடத்தில் இரண்டு தடவை திரையிட வேண்டியிருக்கும், இரண்டு பக்கமும் திட்டு வாங்கணும். ஆனால் 2004 மும்பை ஆவணப்பட விழாவுக்காக 2003இல் இந்தியப் படங்களுக்கு மட்டும் சென்சார் சான்றிதழ் கேட்டபோது நாமெல்லாம் கொதித்தோமே, விகல்ப் என்று தனியாகத் திரையிட்டோமே, அது அரசாங்கத்தை எதிர்த்து. பாட்டி அரசாங்கமா? படம் ஓடிமுடிந்த பிறகும் அந்த ஊரில் இருக்கப்போகிறவள் அவள்தானே.

கரிசல்கேமரா, இன்னொன்று. மார்ச் கடைசியில் விடியற்காலையில் யாரையும் பேட்டிக்கு உட்கார வைக்காதே. மஹுவா விழுகிற நேரம், நம்ம இலுப்பைப்பூவேதான். கேமராவை வைத்துவிட்டு நீயும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு போ. ராத்திரி ஊர் அக்ராவில், ஆட்டம் ஆடுகிற அந்தப் பொட்டலில், வேட்டியைத் திரையாகக் கட்டி, படத்தைப் போட்டுக் காட்டு. 'அது எங்க மலை இல்ல, பக்கத்து ஊர் மலை' என்று ஒரு குரல் கட்டாயம் வரும். எனக்கு வந்தது, எடிட் முடிந்து எட்டு மாசம் கழித்து.

ராஞ்சிவாசி:

சார், நான் இங்கே பத்தொன்பது வருஷமாக ஆசிரியர். நீங்கள் கிளிப்பை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன், மன்னிக்கவும். சப்டைட்டிலில் ஒரு தப்பு இருக்கிறது. பாட்டி படுத்துக் கிடந்ததைச் சொல்லும் இடத்தில் 'அம்மா, அம்மா என்று அழுதோம்' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வது 'அம்ம்'. குடுக்கில் அம்ம் என்றால் தண்ணீர். தாய்க்கு அங்கே 'அயோ' என்பார்கள். உடன் வேலை பார்க்கும் ஒராவோன் டீச்சரிடம் நினைவிலிருந்து சொல்லிக் காட்டினேன், அவரும் அதையேதான் சொன்னார். வெயிலில் தண்ணீர் இல்லாமல் கிடந்த கதை அது.

நம் பழைய நூல்களிலும் 'அம்' நீர்தான். ஆக, உறவு நிஜம். உறவை நம்பித்தான் ஏமாந்தீர்கள். பல்லுக்கு அவர்களும் பல் என்பார்கள், உடனே நமக்கு எல்லாம் புரிந்த மாதிரி ஆகிவிடும். எனக்கும் முதல் இரண்டு வருஷம் இந்த வியாதி இருந்தது.

யோசனை: மொழிபெயர்ப்பாளரைச் சுருக்கிச் சொல்ல விடாதீர்கள். முதலில் குடுக்கிலேயே காதில் விழுந்தபடி தேவநாகரியில் எழுதச் சொல்லுங்கள், பிறகு இந்தி, அப்புறம் தமிழ். 52 நிமிஷத்துக்கு இரண்டு வாரம் ஆகும், கூலியும் கொடுக்க வேண்டும்.

கரிசல்கேமரா:

அக்கா, அந்தப் பத்து நிமிஷம் இரண்டு டிஸ்கிலும் இல்லை. அழிக்கும்போது கை நடுங்கியது உண்மை. நண்பன் இரண்டு நாளாகப் பேசவில்லை, இன்று காலை வாட்ஸ்அப்பில் 'கார்டு எத்தனை வாங்கணும்' என்று மட்டும் கேட்டான்.

ராஞ்சிவாசி சார், நேற்று ராத்திரி ஹெட்ஃபோன் போட்டுத் திரும்பக் கேட்டேன். ஏழு இடத்தில் அம்ம் வருகிறது. ஏழையும் நான் அம்மா ஆக்கி, அதன்மேல் வயலின் வேறு ஓட்டியிருக்கிறேன். வயலினை எடுத்துவிட்டேன்.

விநியோகஸ்தருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. மார்ச் 18 ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சு. கும்லாவிலோ பிஷுன்பூரிலோ சின்ன ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்குமா, நாள் வாடகை என்ன என்று யாருக்காவது தெரியுமா? புரொஜெக்டர் கல்யாணத்துக்கு வாங்கினதே இருக்கிறது.